ஐந்து ஒட்டு விழாத பாத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓணத்தில் தொடங்கித் தீபாவளி முடியும்வரை எந்த நாளிதழைக் கையில் எடுத்தாலும், செய்திக்குப் போகும் முன்பே புதிய கைப்பேசிகளின் முழுப்பக்க விளம்பரங்கள்தாம் கண்ணில் படுகின்றன. வட்டியில்லாத் தவணை, பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் சலுகை, இன்று வாங்கினால் காதில் அணியும் ஒலிக்கருவி இலவசம் என்று அவை நம்மை அழைக்கின்றன. விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த இயலாது என்பதை நான் அறிவேன். அதைக் குறை சொல்வதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரை நிமிடத்தில் நம் மனத்துக்குள் என்ன நிகழ்கிறது என்பதைப் பௌத்தம் மிகத் துல்லியமாக ஆராய்ந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சி தமிழிலேயே, தமிழ்ச் சொற்களிலேயே நமக்குக் கிடைத்தும் இருக்கிறது. அதைத் தங்கள் வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

நான் பிறப்பால் பௌத்தன் அல்லேன். தக்கலைப் பகுதிப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவன். மணிமேகலையைப் பாடமாக நடத்திய காலத்தில் அமுதசுரபியையும் ஆபுத்திரனையும் பற்றி ஆர்வத்தோடு பேசியிருக்கிறேன். காஞ்சியில் பௌத்த ஆசானாகிய அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கும் கடைசிக் காதையை, அதாவது 30ஆவது காதையை, தேர்வுக்கு வராத பகுதி என்று ஒதுக்கியே வந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகுதான் அதை வரி வரியாகப் படித்தேன். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று பன்னிரண்டு சார்புகளை அடிகள் அடுக்குகிறார். ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுகிறது. ஒன்று அற்றால் அடுத்தது அறும். நான் இங்கே பேச வருவது இவற்றின் நடுவில் உள்ள நான்கைப் பற்றி மட்டுமே.

கண் முதலிய வாயில்களோடு ஒரு பொருள் வந்து பொருந்துவது ஊறு. அதனால் இனிமையோ துன்பமோ இரண்டும் இல்லாத ஒன்றோ உணரப்படுவது நுகர்வு. இதுவரை நடப்பதில் யாருக்கும் குற்றமில்லை. கண் இருக்கும்வரை பளபளப்பு தெரியத்தான் செய்யும், அது இனிமையாகவும் இருக்கும். அடுத்து வருவது வேட்கை. அதற்கு அக்காதை தரும் விளக்கம் 'நுகர்ச்சி ஆராமை' என்பது. அதாவது நுகர்ந்தும் நிறைவடையாமை. அதற்கும் அடுத்ததாகிய பற்றினைப் 'பசைஇய அறிவு' என்கிறது, பசையாய் ஒட்டிக்கொண்ட அறிவு. இந்த இரண்டு விளக்கங்களுக்கு மேலாக, புதுப்பொருள் மோகத்தைப் பற்றி நான் எங்கும் எதையும் படித்ததில்லை.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து நம்மையெல்லாம் 'நுகர்வோர்' என்றே அழைக்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் நுகர்வுக்கு மறு அடியில் வேட்கை நிற்கிறது என்பதை அச்சொல்லோடு சேர்த்து யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அந்த ஓர் அடி இடைவெளியில்தான் பௌத்தப் பயிற்சி முழுவதும் நடக்கிறது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். இனிமை தோன்றுவதைத் தடுக்க முடியாது. 'இனிமையாக இருக்கிறது' என்று அறிந்த இடத்திலேயே நிற்பதா, 'எனக்கு இது வேண்டும்' என்று நகர்வதா என்பதில் மட்டுமே நமக்கு உரிமை உண்டு.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு, பொறியியல் படிக்கும் என் பேரன் புதிதாக வாங்கிய கைப்பேசியை எடுத்துவந்து என் கையில் தந்தான். திரையில் விரலை வைத்தால் எண்ணெயில் வழுக்குவதுபோலப் படங்கள் நகர்ந்தன. "பாட்டா, உங்களுக்குள்ளது பழைய மாடலாக்கும்" என்று அவன் அன்போடுதான் சொன்னான். அன்று காலைவரை எனக்கு எந்தக் குறையும் வைக்காத என் நான்கு வயதுக் கைப்பேசி அன்று மாலை மெதுவாகத் தோன்றியது. அதன் படங்கள் மங்கலாகத் தோன்றின. கைப்பேசியில் எந்த மாற்றமும் நிகழவில்லை. சில நாள்களாகவே மின்னேற்றம் சரியாக ஏறாமல் இருந்ததும் அப்போது ஒரு காரணமாக வந்து சேர்ந்துகொண்டது. மறுநாளே நாகர்கோவிலில் ஒரு கடைக்குச் சென்று, இந்தப் பழையதற்கு இனிமேல் பேட்டரி மாற்ற வழியில்லை என்று அங்கே சொல்லப்பட்டதை மறுகேள்வி கேட்காமல் நம்பி, 12 மாதத் தவணையில் புதியதை வாங்கி வந்தேன்.

முதல் இரண்டு வாரங்கள் மகிழ்ச்சியாகவே கழிந்தன. மூன்றாவது வாரம் திரையின் வலது மூலையில், நகத்தை வைத்துத் தடவினால் மட்டுமே தட்டுப்படக்கூடிய ஒரு கீறல் விழுந்தது. அன்றிரவு நான் நான்கு முறை எழுந்து விளக்கைப் போட்டு அந்த மூலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். என் மனைவி கண்புரை அறுவைக்காக மருத்துவமனையில் இருந்த இரவில்கூட நான் இத்தனை முறை எழுந்ததில்லை என்பது விடிந்த பிறகு நினைவுக்கு வந்தபோது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. 'பசைஇய அறிவு' என்றால் என்ன என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. நான் அந்தப் பொருளை வைத்திருந்தேன் என்பதைவிட, அந்தப் பொருள் என் அறிவைத் தன்னோடு ஒட்டி வைத்திருந்தது என்பதே சரி.

சில மாதங்கள் கழித்து, வீட்டில் மற்றொருவருக்குக் கைப்பேசி தேவைப்பட்டதால், மேசை இழுப்பறையில் கிடந்த பழையதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ச் சந்தில் உள்ள சிறிய பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி அதை விளக்கின்கீழ்க் கவிழ்த்துப் பிடித்து, ஒரு மெல்லிய ஊசியை எடுத்து, சார்ஜர் செருகும் துளையின் ஓரத்திலிருந்து நெல்மணி அளவுக்குத் திரண்டிருந்த நூற்பஞ்சை மெதுவாகக் கிளறி வெளியே எடுத்தார். "சார், இது கெட்டுப் போகல்ல. சட்டைப்பை நூலாக்கும் அடைஞ்சு கிடந்தது" என்றார். பிறகு பின்மூடியைச் சூடுகாட்டித் திறந்து, பசை வைத்து ஒட்டப்பட்டிருந்த பேட்டரியைப் பொறுமையாகப் பெயர்த்தெடுத்து வேறொன்றை வைத்தார். வேலை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் செலுத்திக்கொண்டிருந்த ஒரு மாதத் தவணையைவிடக் கூலியும் குறைவு.

அவர் கையில் இருந்த ஊசியைப் பார்த்தபோது பௌத்தத் துறவிக்கு உரிய எட்டுப் பொருள்கள் நினைவுக்கு வந்தன. மூன்று துவராடைகள், பாத்திரம், சவரக்கத்தி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி ஆகியவற்றோடு ஊசியும் அந்த எட்டில் ஒன்று. எல்லாவற்றையும் துறந்தவனுக்கு, கிழிந்ததைத் தைத்துக்கொள்ளும் கருவி விலக்கப்படவில்லை. அது அவனிடம் இருந்தே ஆக வேண்டிய பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது.

பாத்திரத்தைப் பற்றி, பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூலில் ஒரு விதி உண்டு. ஐந்துக்கும் குறைவான ஒட்டுகள் விழுந்த பாத்திரத்தை வைத்திருக்கும் துறவி, புதிய பாத்திரம் கேட்டுப் பெறலாகாது. பெற்றுவிட்டால் அதைத் துறவியர் சங்கத்தின் முன் ஒப்படைக்க வேண்டும். அங்கே மூத்தவர் முதல் இளையவர் வரை ஒவ்வொருவரும் விரும்பினால் தம் பாத்திரத்தை மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் எஞ்சி நிற்கும் பாத்திரம் அவருக்கு வரும், அது உடையும்வரை அவர் அதையே வைத்திருக்க வேண்டும். இவ்விதி பிறந்த காரணமும் கவனிக்கத் தக்கது. பாத்திரம் வேண்டுவோர் கேட்கலாம் என்று ஒரு குயவர் துறவிகளுக்குச் சொல்ல, அவர்கள் அளவு தெரியாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விற்பனைக்குச் சட்டிபானை செய்ய அவருக்கு நேரமில்லாமல் போய், அவரும் அவருடைய வீட்டாரும் வாடினார்கள். ஆகவே இது துறவியின் மனத்தூய்மைக்காக மட்டும் ஏற்பட்ட விதி அன்று. பொருளைச் செய்கிறவனின் துன்பமும் அதில் கணக்கில் எடுக்கப்பட்டிருக்கிறது. நம் கைப்பேசியின் பேட்டரிக்குள் இருக்கும் கோபால்ட் உலோகத்தின் பெரும்பகுதி காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது; அங்கே சிறுவர்களும் வெறுங்கையோடு மண்ணைத் தோண்டுகிறார்கள். புதியதைக் கேட்கும் முன் அந்தக் குயவர் வீட்டையும் நாம் ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும்.

புத்தரின் சீடரான ஆனந்தருக்கு உதயண மன்னனின் அரண்மனைப் பெண்கள் 500 ஆடைகளைக் கொடையாக அளித்தபோது, இவ்வளவையும் வாங்கி இவர் துணி வணிகம் செய்யப் போகிறாரா என்று மன்னன் சினந்தான் என்றும் விநய நூல் கூறுகிறது. ஆடை நைந்துபோன துறவிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பேன் என்றார் ஆனந்தர். நைந்த ஆடைகளை என்ன செய்வீர்கள் என்று மன்னன் கேட்டான். படுக்கை விரிப்பாக்குவோம் என்றார். பழைய விரிப்புகள் மெத்தை உறையாகும், பழைய உறைகள் தரைவிரிப்பாகும், பழைய தரைவிரிப்புகள் கால்துடைப்பாகும், அவையும் நைந்தால் தூசு தட்டும் துணியாகும், அதுவும் கிழிந்தால் துண்டு துண்டாக்கி மண்ணோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்று அவர் சொல்லி முடித்தபோது, மன்னன் மகிழ்ந்து மேலும் 500 ஆடைகளைக் கொடுத்தான். என் இழுப்பறையில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஆறு சார்ஜர்களும் மூன்று கைப்பேசிகளும் கிடந்தன. அவற்றில் எதற்கும் இப்படி ஒரு பதிலை என்னால் சொல்ல முடிந்திருக்காது.

இவையெல்லாம் துறவிகளுக்கு உரியவை, குடும்பத்தவருக்கு ஏது இந்தக் கட்டுப்பாடு என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இல்லறத்தாரைப் புத்தர் பொருளை வெறுக்கச் சொல்லவில்லை. அனாதபிண்டிகன் என்ற பெருவணிகனிடம், இல்லறத்தானுக்கு நான்கு இன்பங்கள் உண்டு என்கிறார்: நேர்வழியில் ஈட்டிய பொருள் இருப்பதனால் வரும் இன்பம், அதைத் துய்ப்பதனால் வரும் இன்பம், யாருக்கும் கடன்படாமல் இருக்கும் இன்பம், பழியில்லாமல் வாழும் இன்பம். இவற்றுள் மூன்றாவது நம் மாவட்டத்துக் குடும்பங்களில் மிக வேகமாகத் தேய்ந்து வருகிறது என்பதே என் பெருங்கவலை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒருவரை எனக்குத் தெரியும், என்னிடம் படித்தவர். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர். கல்லூரியில் சேர்ந்த மகன் கேட்டானென்று, தம் இரண்டு மாதக் கூலிக்கும் மேற்பட்ட விலையில் கைப்பேசி ஒன்றைத் தவணையில் வாங்கிக் கொடுத்தார். மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு நின்றுவிடும், தவணை நிற்பதில்லை. அந்த மகனை நான் குறை கூற மாட்டேன். பழைய கைப்பேசியை வகுப்பில் வெளியே எடுக்கக் கூசியதாக அவனே என்னிடம் சொன்னான். அவன் ஒரு கருவிக்கு ஆசைப்பட்டான் என்பதைவிட, அதை வைத்திருக்கும் ஓர் ஆளாக மாற ஆசைப்பட்டான் என்பதே பொருந்தும். பற்றுக்கு அடுத்ததாகப் பவம் வைக்கப்பட்டிருப்பதை, ஒன்றாக ஆகிவிட வேண்டும் என்ற அந்தத் தவிப்போடு சேர்த்தே நான் இப்போது படிக்கிறேன்.

கருவி வேறு, பற்று வேறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்த நம் மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. திரும்பி வராதவர்களின் வீடுகள் நம் கடற்கரை ஊர்களில் இன்றும் இருக்கின்றன. கடலுக்குப் போகிறவர் கையில் செய்தி எட்டும் தூரத்தைக் கூட்டும் நல்ல கருவி இருக்க வேண்டும் என்றால், அது குளிரையும் வெயிலையும் கொசுவையும் தடுக்கத் துறவி ஆடை உடுத்துவதைப் போன்றது. ஆடையை உடுத்தும்போதே 'இது எதற்காக' என்று எண்ணிப் பார்க்கும்படி பௌத்தத்தில் துறவிக்குப் பயிற்சி தரப்படுகிறது. அதே கேள்வியைக் கடைக்குள் நுழையும் முன் கேட்டால் மீனவருக்கு உடனே விடை கிடைக்கும். எனக்கு அன்று கிடைத்திருக்காது.

எல்லாப் பழியையும் வாங்குகிறவர் மனத்தின்மேல் போடுவதும் நேர்மையாகாது. பேட்டரியை எளிதில் பெயர்க்க முடியாதபடி ஒட்டுவதும், சில ஆண்டுகளில் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்துவதும், உதிரிப் பாகங்களைச் சிறு கடைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்வதும் தயாரிப்பாளர்களின் செயல்கள். இதற்காகவே மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. மின்னணுக் கழிவுகளுக்குத் தயாரிப்பாளர்களைப் பொறுப்பாக்கும் 2022ஆம் ஆண்டின் விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. எங்கள் ஊரில் நான் கேட்டுப் பார்த்த ஒருவருக்கும் இவை தெரிந்திருக்கவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒரு நாள், அந்த முழுப்பக்க விளம்பரத்துக்குப் பின்பக்கத்தில் கால் பக்கம் போதும், பழுதுபார்ப்பதற்கென்று ஒதுக்குங்கள். கடல் உப்புக் காற்று படும் ஊர்களில் கருவிகளை எப்படிப் பேணுவது, பேட்டரி மாற்றுவதற்கு என்ன கேட்க வேண்டும், பழைய கருவியை எங்கே ஒப்படைப்பது, மேற்சொன்ன இணையதளத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பனவற்றை, சந்துக் கடைகளில் ஊசியோடு அமர்ந்திருக்கும் தம்பிகளிடமே கேட்டு எழுதச் செய்யுங்கள். தவணையில் கையெழுத்திடும் முன் மொத்தத் தொகையையும் தவறினால் விதிக்கப்படும் அபராதத்தையும் கேட்டு அறியும்படி மாணவர்களுக்கு ஒரு கட்டத்தில் எழுதிப் போடுங்கள். பழுதுபார்க்கும் ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறையாவது வகுப்பறைக்கு அழைக்கும்படி பள்ளிகளை நான் என் அளவில் கேட்டு வருகிறேன். தாங்கள் எழுதினால் அக்குரலுக்கு வலு கூடும்.

இப்போதும் காலையில் விளம்பரப் பக்கத்தைப் பார்க்கிறேன். இனிமையாகத்தான் இருக்கிறது. சில நாள்களில் அந்த இனிமை தானே எழுந்து தானே அடங்குகிறது. சில நாள்களில் பிற்பகல்வரை நீடிக்கிறது. தவணை வரும் மார்ச்சில் முடியும். மூலையில் கீறல் விழுந்த அந்தக் கைப்பேசிக்கு இதுவரை ஓர் ஒட்டுகூட விழவில்லை. பழையதற்கு ஒன்று விழுந்திருக்கிறது, அது வீட்டில் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.