ஊட்டும் நேரத்தில் கைபேசி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் உடல் பருமன் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவசியமான நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பிள்ளைகளை ஓடவிட்டால் எடை தானாகக் குறைந்துவிடும் என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தேவகோட்டைப் பக்கம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். விளையாட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. இருந்தும் சொல்கிறேன்: பிள்ளை எவ்வளவு ஓடுகிறது என்பதைவிட எப்படிச் சாப்பிடுகிறது என்பதைத்தான் நாம் முதலில் கவனிக்க வேண்டும்.

2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த உலகளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் 1990-ல் சுமார் 4 லட்சம் பேர். 2022-ல் அது 1.25 கோடி. நம் பக்கம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே பலகாரத்தின் மேல் பழி போடுகிறார்கள். செட்டிநாட்டில் சீடை, தேன்குழல், அதிரசம் இல்லாத வீடு எது, பிள்ளை குண்டாகாமல் என்ன செய்யும் என்கிறார்கள். இது நியாயமில்லை. அதிரசம் எண்ணெயில் பொரிக்கிற இனிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது அன்றும் இருந்தது. இடைப்பலகாரத்துக்கு என்று ஒரு நேரம் இருந்தது. கிண்ணத்தில் வைத்துக் கொடுப்பார்கள், தின்று முடித்ததும் பிள்ளை தெருவுக்கு ஓடிவிடும். இப்போது பலகார டப்பா சோபாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பிள்ளையின் கண் திரையில் இருக்கிறது, கை பாட்டுக்கு டப்பாவுக்குள் போய் வருகிறது.

சமீபத்தில் பள்ளத்தூரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். வளவில் உட்காரவைத்து மூன்று வயதுப் பேரனுக்கு அப்பத்தா இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். எதிரே தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த கைபேசியில் ஏதோ பொம்மைப் பாட்டு. பிள்ளை தட்டைப் பார்க்கவில்லை, அப்பத்தாவையும் பார்க்கவில்லை. கை அருகில் வந்தால் வாய் திறக்கிறது, அவ்வளவுதான். நடுவில் விளம்பரம் வந்து பாட்டு நின்றது. உடனே பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். உதட்டை இறுக்கி, அப்பத்தா கையைத் தள்ளிவிட்டான். விளம்பரம் முடிந்து பாட்டு மறுபடி தொடங்கியதும் வாய் மறுபடி திறந்தது. “இன்னும் ரெண்டே வாய் ராசா” என்று மேலும் ஒரு இட்லி உள்ளே போனது. “இதைக் காட்டலைன்னா வாயே திறக்க மாட்டேங்கிறான் டீச்சர்” என்றாள் அவன் அம்மா. வேலைக்குக் கிளம்பும் அவசரம் அவளுக்கு. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விளம்பர நேரத்தில் பிள்ளை சொன்னதுதான் உண்மை. அவனுக்கு வயிறு நிறைந்துவிட்டது. போதும் என்று உடம்பு சொல்வதைக் கேட்கவிடாமல் திரை மறைத்துவிடுகிறது.

இதை ஆராய்ச்சியும் காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தின் லெனார்டு எப்ஸ்டைன் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 4 முதல் 7 வயதுக்குட்பட்ட, வயதுக்கு மீறிய எடைப் பக்கம் இருந்த 70 குழந்தைகள் பங்கேற்றார்கள். வீடுகளில் தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் ஒரு கருவி பொருத்தி, ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் வாராந்திர நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதியாகக் குறைத்தார்கள். ஒதுக்கிய நேரம் தீர்ந்தால் திரை அணைந்துவிடும். இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். நேரம் குறைக்கப்பட்ட பிள்ளைகளின் உடல் நிறை குறியீடு, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, வயதுக்கு ஏற்பப் பார்த்தால் மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதலாக இறங்கியது. எதனால் என்பதுதான் முக்கியம். அந்தப் பிள்ளைகள் கூடுதலாக ஓடியாடவில்லை. சாப்பிட்ட அளவு குறைந்திருந்தது. திரை போனதும் தீனி போயிருக்கிறது. பிள்ளை உட்கார்ந்தே இருப்பதுதான் திரையால் வரும் கேடு என்று நினைத்திருக்கும் பெற்றோர் இதை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

விளம்பரத்தின் பங்கும் சிறியதல்ல. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட சோதனையில், தின்பண்ட விளம்பரம் கலந்த கார்ட்டூன் பார்த்த பள்ளிப் பிள்ளைகள், வேறு விளம்பரம் கலந்த கார்ட்டூன் பார்த்தவர்களைவிட 45 சதவீதம் அதிகமாகக் கொறித்தார்கள். விளம்பரத்தில் வந்த பண்டத்தை அல்ல, பக்கத்தில் வைத்திருந்ததை. ஆசிரியர் அவர்களே, இதை உங்களிடமும் சொல்லியாக வேண்டும். உங்கள் சிறுவர் பக்கத்துக்குக் கீழே சர்க்கரை கலந்த மாவுப் பானங்களின் விளம்பரம் அடிக்கடி வருகிறது. உடல்நலக் கட்டுரை எழுதும் நாளேடு அதை வேறு பக்கத்துக்காவது மாற்றலாமே.

கைபேசியை எடுத்துவிட்டு அதட்டி ஊட்டுவதும் சரிவராது. குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்த லியன் பர்ச் போன்றவர்கள் பல சோதனைகளில் கண்டது, சாப்பிடு சாப்பிடு என்று நெருக்கினால் பிள்ளைக்கு அந்த உணவின் மேலேயே வெறுப்பு வருகிறது. தொடவே கூடாது என்று கண்ணெதிரே வைத்துத் தடுத்தால் அதன் மேல்தான் ஆசை கூடுகிறது. என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வயிறு சொல்லட்டும். முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள், ஒரு வேளை குறைவாகத் தின்றால் ஒன்றும் ஆகிவிடாது. இதற்கு அப்பத்தாக்களின் ஒத்துழைப்பு வேண்டும். பிள்ளை பூசினாற்போல இருந்தால் சந்தோஷப்படுவதும், ஒல்லியாக இருந்தால் “வீட்டில சோறு போடலையா” என்று மருமகளைக் கேட்பதும் நம் ஊரில் இன்னும் போகவில்லை.

அப்புறம் விளையாட்டு. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்புக்கும் இதயத்துக்கும் தூக்கத்துக்கும் அது வேண்டும், எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும். எடை குறைக்கும் தண்டனையாக அதை ஆக்கிவிடக் கூடாது என்பதே என் கவலை. குண்டான பிள்ளையை “நீ மட்டும் ரெண்டு ரவுண்டு கூட ஓடு” என்று எல்லார் முன்னாலும் சொல்லிப் பாருங்கள், மறுநாள் வயிற்றுவலி என்று லீவு கடிதம் வரும். அதே பிள்ளையைக் குண்டு எறிதலுக்கும் கயிறு இழுத்தலுக்கும் முன்னால் நிறுத்துங்கள். பெயர் சொல்லிக் கைதட்டல் கேட்ட பிள்ளை அடுத்த வாரம் கூப்பிடாமலே மைதானத்துக்கு வரும். பிறகு ஓடவும் செய்யும். இதை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். அது நிற்க வேண்டும்.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளியில் விற்கவோ, பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் விளம்பரப்படுத்தவோ கூடாது என்று 2020-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்திருக்கிறது. நம் பள்ளி வாசல்களில் எத்தனை இடத்தில் இந்த விதியைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று உங்கள் நிருபர்கள் ஒரு சுற்றுப் பார்த்து எழுதலாம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரையைப் பெரிய எழுத்தில் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். அங்கன்வாடிச் சுவர்களில் வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். அடுத்து, காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் மாலை நாலரைக்கு மேல் எந்தெந்தப் பள்ளி மைதானம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள். தேவகோட்டைப் பக்கத்து விவரத்தை நானே நேரில் விசாரித்து அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
தேவகோட்டை.