ஈப்போவில் இருக்கும் செல்விக்கு

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள செல்வி,

பேத்தி பல்கலைக்கழகம் சேர்ந்ததில் ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் “கெண்டைக்கால் வலி தாங்கவில்லை, கொழுப்பு மாத்திரையை விட்டுவிட்டேன்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் மீன்குழம்புக்குப் போய்விட்டாயே!

எனக்கும் உனக்கும் இதில் ஒரே கணக்கு இல்லை. எனக்கு 77 வயது, இதய நோய் வந்ததில்லை. 75ஐத் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு ஸ்டாட்டின் என்னும் இந்தக் கொழுப்பு மாத்திரை எவ்வளவு உதவும் என்பதற்கு ஆதாரம் குறைவு. அதனால் பலதுறை மருந்தகத்தில் டாக்டரிடம் “இது வேண்டுமா?” என்று தாராளமாகக் கேட்கிறேன். உனக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மறுபடி மாரடைப்பு வராமல் காப்பதில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு.

வலி பொய் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லும் டாக்டர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். ஆனால் 2020இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று யோசிக்க வைத்தது. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் அசல், சில மாதம் மருந்தில்லாத போலி, சில மாதம் எதுவுமே இல்லை. அசலில் பட்ட தொல்லையில் சுமார் 90 விழுக்காடு போலியிலும் இருந்ததாம். முடிவைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

அதற்காக உன் வலிக்கு மருந்து காரணமே இல்லை என்று அடித்துச் சொல்லமுடியாது. நீ சாப்பிட்டது சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், கூடவே ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். இரண்டும் சேரும்போது சிம்வாஸ்டாட்டின் 20ஐத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்காவில் விதி. இதைக் கட்டாயம் கேள். அப்புறம் உன் தம்பூன் பம்பளிமாஸ்! கிரேப்ஃப்ரூட் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், பம்பளிமாஸ் அதன் நெருங்கிய சொந்தம். தைராய்டு குறைந்தாலும் தசை வலிக்கும், அதையும், தசை பாதிப்பைக் காட்டும் சிகே ரத்தப் பரிசோதனையையும் பார்க்கச் சொல். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், எசெட்டிமைப் என்ற இன்னொரு வகைக் கொழுப்பு மருந்தைச் சேர்க்கலாம். வழிகள் இருக்கின்றன. சிறுநீர் கோப்பி ஓ, அதாவது பாலில்லாத கோப்பி நிறத்தில் போனால் மட்டும் காத்திராதே, நேரே மருத்துவமனைக்குப் போ.

இங்கே புளோக்குக்குக் கீழே மூத்தோருக்கு நாற்காலி உடற்பயிற்சி நடக்கிறது. சொல்லித் தரும் பெண் நம்மைப் பாலர் வகுப்புப் பிள்ளைகளாக நினைத்துக் கைதட்டுகிறாள், போகட்டும்.

எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பார். அவர் சொன்னதை எனக்கு எழுது, இந்தத் தடவை ஒரு வரியில் அல்ல.

அன்புடன்,
மீனா