ஜவ்வரிசி வரலாற்றில் பாயிண்ட் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சேலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மாம்பழம், இரும்பாலை, வெள்ளிக் கொலுசு என்று அடுக்கிவிட்டு, ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லிப் பக்கத்தில் ஜவ்வரிசிக்கு மாவு தரும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடுகளை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எழுதினாலும் ஆலைக் கதைதான். உலகப் போரில் மலேயா ஜப்பான் கைக்குப் போனதும் ஜவ்வரிசி வரத்து நின்றது, 1943 வாக்கில் சேலத்திலேயே செய்யத் தொடங்கினார்கள், 1981-ல் ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ், 2023-ல் புவிசார் குறியீடு. எல்லாம் சரி. கிழங்கு போட்டவர் எந்தக் கணக்கில் காசு வாங்கினார் என்பது மட்டும் வராது.

அந்தக் கணக்குக்குப் பெயர் பாயிண்ட். கிழங்கின் கனத்தை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை, மாவையும் பார்க்கிறார்கள். அந்த மாவின் அளவுதான் பாயிண்ட். எடை போட்ட மாதிரிக் கிழங்கைக் கூடையோடு தண்ணீரில் முக்கி மறுபடி எடை பார்ப்பார்கள். மாவு கட்டிய கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனம் காட்டும். கூடை தொட்டியின் அடியைத் தொட்டாலோ, கிழங்குக்கு நடுவே காற்றுக் குமிழி தங்கினாலோ முள் இறங்கிவிடும். மாதிரியில் இறங்கினால் லோடு முழுவதற்கும் இறங்கியதுதான்.

பேரம் பேசலாமே என்பார்கள். பிடுங்கிய கிழங்கில் இரண்டு மூன்று நாளில் நீலக் கோடு ஓடிவிடும், பிறகு மாவு வெளுக்காது. நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்க வழியில்லை. பிடுங்காமல் காட்டிலேயே விட்டால்? ஒரு நல்ல மழையில் செடி புதுத் துளிர் விடும். கிழங்கின் மாவு துளிருக்குப் போகும், பாயிண்ட் குறையும். பத்து மாதம் பார்த்த பயிரின் விலை இந்த மூன்று நாளுக்குள் முடிவாகிறது. ஆலைகள் காட்டோரமாகவே முளைத்ததும் இதனால்தான்.

நம் பக்கத்துத் தவறும் உண்டு. தேமல் நோய் விழுந்த செடியின் குச்சியையே கரணை வெட்டி நட்டுவிட்டு, நோயைப் பரப்புவதாக வெள்ளை ஈயைத் திட்டுகிறோம். 2020-க்குப் பின் பரவிய மாவுப்பூச்சிக்கு ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் 2022-ல் ஒட்டுண்ணிக் குளவியை விட்டார்கள். கண்டபடி மருந்தடித்தால் குளவிதான் முதலில் சாகும்.

ஆலை எடைமேடையில் அன்றைய பாயிண்ட் விலையைப் பலகையில் எழுதட்டும். வெறுங்கூடையைத் தண்ணீரில் தொங்கவிட்டு, முள் பூஜ்யத்தில் நிற்பதை விவசாயிக்குக் காட்டிவிட்டுக் கிழங்கைப் போடட்டும். மஞ்சள், பருத்தி விலை அச்சாகும் உங்கள் பக்கத்தில் பாயிண்ட் விலைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
மரவள்ளி விவசாயிகள் சிலர்,
கெங்கவல்லி வட்டம், சேலம் மாவட்டம்.