மலருக்கு அம்மா எழுதுவது

அன்பு மகள் மலருக்கு,

இங்கே எல்லோரும் நலம். லண்டன் புளூம்ஸ்பரி சதுக்கத்தில் சிலையாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பருத்த மனிதர் யார் என்று கேட்டிருந்தாய். சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ், பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியல்வாதி. நம் பாடப்புத்தகத்தில் 'ஃபாக்ஸின் இந்தியா மசோதா' என்று ஒரே வரியில் வந்துபோவார். எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்.

1749இல் பிறந்தவர். அம்மா கரோலின், இரண்டாம் சார்லஸ் மன்னரின் கொள்ளுப்பேத்தி. அப்பா ஹென்றி ஃபாக்ஸ், படைச் சம்பளப் பணத்தைக் கையில் வைத்திருந்த பதவியில் பெரும் சொத்து சேர்த்தவர். பிள்ளைக்கு எதையும் மறுத்ததில்லை. பதினான்கு வயதில் பள்ளியிலிருந்து பாரிசுக்கும் ஸ்பா என்ற ஊருக்கும் கூட்டிப்போய், கையில் காசு கொடுத்துச் சூதாட வைத்தார். விளைவு, 1774க்குள் மகனின் கடனுக்காகச் சுமார் 1,20,000 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. அந்த வருஷமே அப்பாவும் அம்மாவும் ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்தார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்தார் என்று அந்த அப்பாவை எல்லோரும் திட்டுவார்கள். சூது விஷயத்தில் நானும் திட்டுவேன். ஆனால் வீட்டில் யாருக்கும் பயப்படாமல் பேசி வளர்ந்த பிள்ளைதான் பிறகு ராஜாவுக்கும் பயப்படவில்லை என்று எனக்குத் தோன்றும்.

வயது வருமுன்பே, பத்தொன்பதில், நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார். அமெரிக்கக் குடியேற்றங்கள் மீதான போரை எதிர்த்துப் பேசிப் பேசியே பெயர் வாங்கினார். அப்போதைய பிரதமரான எந்த நார்த் பிரபுவை அந்தப் போருக்காக வருஷக்கணக்கில் வறுத்தெடுத்தாரோ, அவரோடே 1783இல் கூட்டுச் சேர்ந்தார். அதை என்னால் நியாயப்படுத்த முடியாது.

அந்த ஆட்சியில்தான் இந்தியா மசோதா. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தை நாடாளுமன்றம் நியமிக்கும் ஏழு பேரிடம் கொடுப்பது அதன் சாரம். ஏழு பேரும் அவருடைய ஆட்களே, சந்தேகம் அங்கேதான் முளைத்தது. நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபையில் 208க்கு 102 என்று ஜெயித்தது. இதற்கு வாக்களிப்பவர் என் எதிரி என்று மன்னர் மூன்றாம் ஜார்ஜ் சொல்லி அனுப்பியதும் பிரபுக்கள் சபையில் விழுந்தது. அமைச்சரவையே கலைந்து, 24 வயது பிட் பிரதமரானார்.

இது நம்மைத் தொடாத கதை இல்லை. ஆற்காடு நவாப் முகம்மது அலி சென்னையில் கம்பெனி ஆட்களிடம் கடன்மேல் கடன் வாங்கி, ஈடாக நிலவரி வசூலை எழுதிக்கொடுத்தார். கொடுத்தவன் கம்பெனிக்காரன், கட்டியது அன்று கர்நாடகம் எனப்பட்ட நம் பக்கத்து உழவன். கடன் கொடுத்தவர்களில் ஒருவரான பால் பென்ஃபீல்டு நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆனார். அந்தக் கடன்களைச் சரிபார்க்காமலே பிட் அரசு ஒப்புக்கொண்டபோது, 1785 பிப்ரவரியில் ஆவணங்களைக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தவர் ஃபாக்ஸ். அவருடைய கட்சி நண்பர் எட்மண்ட் பர்க் மணிக்கணக்கில் பேசியும் அது தோற்றது.

பிறகும் தோல்விதான். பிரெஞ்சுப் புரட்சியை ஃபாக்ஸ் ஆதரித்ததால் பர்க் 1791இல் சபையிலேயே நட்பை முறித்தார், இவர் எல்லோர் முன்னும் அழுதார். கட்சி கரைந்தது. வெளியுறவு அமைச்சராக மூன்று முறை இருந்த காலத்தை எல்லாம் கூட்டினாலும் இரண்டு வருஷம் வராது. ஊர் தூற்றிய எலிசபெத் ஆர்மிஸ்டெட் என்ற பெண்ணை 1795இல் ரகசியமாக மணந்து, கடைசிவரை கண்ணியமாக வைத்திருந்தார். அவரை நான் மதிக்க அதுவும் ஒரு காரணம்.

1806 ஜனவரியில் பிட் இறந்தபின் மறுபடி அமைச்சரானார். உடம்பில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. ஜூன் 10ஆம் தேதி எழுந்து, அடிமை வணிகத்தை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஏறத்தாழ நாற்பது வருஷச் சபை வாழ்வில் இது ஒன்றைச் செய்தாலே போதும் என்று சொன்னார். 114க்கு 15 என்று ஜெயித்தது. செப்டம்பர் 13இல் சிஸ்விக்கில் இறந்தார், சட்டம் 1807 மார்ச்சில்தான் வந்தது.

வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அவர் நினைவுச் சின்னத்தின் காலடியில் ஓர் ஆப்பிரிக்கர் மண்டியிட்டிருப்பார். அந்தச் சித்திரிப்பு எனக்கு உடன்பாடில்லை. விடுதலைக்கு அவர்களே போராடியதை அது மறைக்கிறது. நீ நேரில் பார்த்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது. குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா