புகார் செய்யாதது யார் குற்றம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒளிபரப்பு ஊடகங்களின் சுயகட்டுப்பாடு குறித்துச் சென்ற இதழில் வெளியான தலையங்கத்தைப் படித்தேன். புகார் செய்ய வழிகள் இருந்தும் பார்வையாளர்கள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் சோம்பலால்தான் செய்தித் தொலைக்காட்சிகள் இந்த நிலைக்கு வந்தன என்பது இத்தனை காலம் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. தெரிவித்தமைக்கு நன்றி.

என் தங்கையின் கணவர் உரக்கடை வைத்திருப்பவர். நிதி நிறுவன மோசடி ஒன்றில் கைதானவருக்கும் அவருக்கும் பெயர் ஒன்று என்பதைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் கிடையாது. பேத்தியின் காதுகுத்தில் எடுத்து முகநூலில் போட்டிருந்த படத்தை ஒரு செய்தித் தொலைக்காட்சி உருவி, மடியில் இருந்த குழந்தையின் முகத்தை மங்கலாக்கிவிட்டு, அவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மாலை முழுவதும் காட்டியது. குழந்தையின் முகத்தைக் காட்டக் கூடாது என்பதை மறக்காதவர்களுக்கு, அந்தப் பெரியவர் யார் என்று காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

தாங்கள் சொல்லும் வழியில்தான் போனேன். பதிவுத் தபாலில் அனுப்பிய புகாருக்கு முத்திரை குத்திய ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி 15 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்லியாக வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. தொலைபேசியில் கிடைத்த இளைஞரோ, "அதான் யூடியூப்ல இருந்து எடுத்துட்டோமே சார், இன்னும் என்ன?" என்றார். அவர்கள் எடுத்துவிட்டார்கள், அதை வெட்டி ஒட்டியவர்களின் பக்கங்களில் என் மைத்துனர் இன்றைக்கும் மோசடிக்காரர்தான். தொலைக்காட்சிகள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சுயகட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றுக்கு எழுதினேன். அந்தத் தொலைக்காட்சி எங்கள் உறுப்பினர் அல்ல என்று மிகக் கண்ணியமாகப் பதில் வந்தது.

உறுப்பினராக இருந்தால்தான் என்ன? 2009-இல் அத்தகைய அமைப்பு ஒன்று 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தவுடன் இந்தியா டிவி என்ற இந்திச் செய்தித் தொலைக்காட்சி அந்த அமைப்பை விட்டே வெளியேறியதும், பின்னர் திரும்பி வந்ததும் தங்கள் நினைவில் இருக்கும். அந்த 1 லட்சம்தான் பல ஆண்டுகளாக அபராதத்தின் உச்ச வரம்பாக இருந்தது. சில நொடி விளம்பரக் காசுக்கு யார் அஞ்சுவார்கள்? இதனால் பயனில்லை, ஈட்டும் லாபத்துக்கு ஏற்ப அபராதம் இருக்க வேண்டாமா என்று உச்ச நீதிமன்றமே 2023 ஆகஸ்டில் கேட்டது. 2008-இல் டைம்ஸ் நவ் தொலைக்காட்சி வேறொருவர் தொடர்பான ஊழல் செய்தியில் நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தை ஏறத்தாழ 15 நொடிகள் காட்டியதற்கு, 100 கோடி ரூபாய் இழப்பீடு தரும்படி புனே நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. அவர் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி. பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலின் தலைவராக இருந்தவர். வானலைகள் பொதுச் சொத்து என்ற 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பை வழங்கிய அமர்விலும் இருந்தவர். உரக்கடைக்காரருக்கு வழக்கறிஞரின் முன்பணமே அந்தப் பருவத்து வியாபாரத்தை விழுங்கிவிடும்.

அப்படியானால் நிறுவனம், சுயகட்டுப்பாட்டு அமைப்பு ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் படியான மத்திய அரசிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் ஒரே இரவில் முடங்கியதையும், அதைத் திறக்கச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததையும், பாதுகாப்பு அனுமதி இல்லை என்ற பெயரில் நிறுத்தப்பட்ட மீடியாஒன் என்ற மலையாளச் செய்தித் தொலைக்காட்சிக்கு 2023-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் நீதி கிடைத்ததையும் பார்த்த பிறகு, அந்தக் கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆட்சியாளரின் மனம் புண்பட்டால் இரவோடு இரவாக வேலை செய்யும் அதே இயந்திரம் எங்கள் மனம் புண்பட்டால் அசையாது. மாநிலத்திலும் நிலைமை மேலாக இல்லை; தமிழ்நாடு அரசின் கேபிளில் பிடிக்காத சேனல்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன என்ற குற்றச்சாட்டை இரு கழக ஆட்சிகளிலும் கேட்டாயிற்று. கேபிள் விநியோகத்தில் அரசுகள் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-இலும் 2012-இலும் பரிந்துரைத்தது, கேட்பார் இல்லை. முதலாளிகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வதைச் சுயகட்டுப்பாடு என்றும், அரசு தன்னைக் காத்துக்கொள்வதை மேற்பார்வை என்றும் சொல்லிவிட்டு, நடுவில் நிற்பவனைப் பார்த்து நீ ஏன் புகார் செய்யவில்லை என்று கேட்பது நியாயமா என்பதைத் தங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு சிறு வேண்டுகோள். சின்னத்திரைக்கு வாரந்தோறும் தாராளமாகப் பக்கங்கள் ஒதுக்குகிறீர்கள். அதில் ஒரு மூலையில், தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஒவ்வொன்றின் குறைதீர்ப்பு அலுவலர் பெயரையும் முகவரியையும், அது எந்தச் சுயகட்டுப்பாட்டு அமைப்பில் உறுப்பினர், அல்லது எதிலும் இல்லையா என்பதையும் வெளியிடுங்கள். தங்கள் குழுமத்தின் தொலைக்காட்சியையும் அந்தப் பட்டியலில் விட்டுவிடாமல் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
மன்னார்குடி.