அருட்செல்வர் அய்யாவுக்கு ஒரு பாசன விவசாயியின் கடிதம்

பெருமதிப்பிற்குரிய அருட்செல்வர் நா. மகாலிங்கம் அய்யா அவர்களுக்கு,

வணக்கம். 1923 மார்ச் 21 அன்று பிறந்து, 2014 அக்டோபர் 2 அன்று மறைந்த தங்களுக்கு இத்தனை காலம் கழித்துக் கடிதம் எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். தங்களைப் பற்றிய புகழுரைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் தொழிலதிபர், வள்ளல், பத்ம பூஷண் என்ற மூன்று சொற்களுக்குள் தங்களை அடக்கிவிடுகின்றன. வாய்க்கால் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த எனக்கு அந்தக் கணக்கு நிறைவாக இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வசதி படைத்த குடும்பத்தில் பிறந்து தானதர்மம் செய்தவர்கள் கொங்கு மண்ணில் பலர் இருந்திருக்கிறார்கள். தங்கள் தந்தையார் நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தைத் தொடங்கி நிலைநிறுத்தியிருந்தார். கிண்டியில் பொறியியல் படித்துவிட்டு வந்த தாங்கள் அதைப் பெருக்கிக்கொண்டு நிம்மதியாகவே இருந்திருக்கலாம். அப்படியிருக்க, முப்பது வயதுகூட நிரம்பாத காலத்தில், 1952 இல், சட்டமன்றத்துக்குப் போனீர்கள். 1967 வரை பதினைந்து ஆண்டுகள் அங்கே இருந்தீர்கள். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எங்கள் பொள்ளாச்சி வட்டாரத்துக்கு வந்து சேர்ந்த பெரும் பேறு பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்.

அத்திட்டத்தின் பெருமை ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தாங்களே முதலில் சொல்வீர்கள் என்று நம்புகிறேன். காமராசர் முதலமைச்சராக இருந்தார், சி. சுப்பிரமணியம் அமைச்சராக இருந்தார், வி.கே. பழனிசாமிக் கவுண்டர் போன்றவர்கள் அதற்காக ஓயாமல் உழைத்தார்கள், பெயர் தெரியாத எத்தனையோ பொறியாளர்களும் கூலித் தொழிலாளர்களும் மலையைக் குடைந்தார்கள். எனினும் ஒரு திட்டம் காகிதத்திலிருந்து மண்ணுக்கு இறங்கும்வரை அதை விடாமல் பின்தொடர உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களில் தாங்கள் முன்வரிசையில் நின்றீர்கள்.

இந்தப் பக்கத்தைச் சேராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. மேற்கே அரபிக்கடல் நோக்கி ஓடிக்கொண்டிருந்த ஆறுகளின் நீரை ஆனைமலைக்குள் அணைகளாலும் சுரங்கங்களாலும் ஒன்றோடொன்று இணைத்து, சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்து, மலைச்சரிவை ஒட்டிச் சுமார் 49 கிலோமீட்டர் ஓடும் காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அங்கிருந்து பாசனம் பெறும் 3.77 லட்சம் ஏக்கர் நிலத்துக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது என்பதால், ஆயக்கட்டை, அதாவது பாசனப் பரப்பை, நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்து, சுற்றுக் கணக்கில் விடுகிறார்கள். எங்கள் மண்டலத்துக்கு முறை வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். முறை வந்த இரவில் மண்வெட்டியும் டார்ச்சுமாக மடையடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு, பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு எந்தப் பகை இருந்தாலும், அவருடைய முறை முடியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. மடையைத் திருப்பியதும் நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் வரப்புக்குள் நுழையும். கிணற்றில் தண்ணீர் ஏறுவதற்கு அதன் பிறகும் சில நாள் பொறுத்திருக்க வேண்டும். சோளமும் நிலக்கடலையும் மானாவாரியாகப் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பல காடுகள் தென்னந்தோப்பானது இப்படித்தான்.

பதவி போன பிறகு பொதுவாழ்க்கையையும் முடித்துக்கொள்ளும் வழக்கமே நாட்டில் அதிகம். தாங்கள் 1967க்குப் பின் செய்தவற்றைப் பார்க்கும்போதுதான் தங்களுடைய இயல்பு எனக்கு விளங்குகிறது. பதவியில் இருந்தபோதே தொடங்கிய கல்லூரிப் பணியைப் பற்றி நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1957 இல் பொள்ளாச்சியில் பாலிடெக்னிக்கும் கலைக்கல்லூரியும், 1984 இல் கோவையில் குமரகுரு கல்லூரி, 1998 இல் மறுபடியும் பொள்ளாச்சியில் பொறியியல் கல்லூரி என்று அவை கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. (பொறியியல் கல்லூரி யார் வேண்டுமானாலும் தொடங்கிய காலமும் வந்தது, பாலிடெக்னிக்கை நினைத்துப் பார்த்தவர்கள் சிலரே. என் மதிப்பீட்டில் அதுவே பெரிய காரியம்.) என்னை வியக்கவைப்பது அவற்றைவிட ஓசையில்லாத வேலைகள். 'ஓம் சக்தி' இதழை ஆண்டுக்கணக்கில் தொய்வில்லாமல் நடத்தினீர்கள். எங்கள் தாத்தா அதைப் பக்கம் விடாமல் படித்து, பழைய இதழ்களைச் சணல் கயிற்றால் கட்டிப் பரண் மேல் வைத்திருந்தார். எந்த வணிகக் கணக்கிலும் இலாபம் காட்டாத ஒரு காரியத்தை, மாதம் தவறாமல், தள்ளாத வயதுவரை ஒருவர் செய்துகொண்டிருந்தார் என்பது, கோடி ரூபாய் நன்கொடையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நன்கொடையை ஒரு கையெழுத்தில் கொடுத்துவிடலாம், இதற்கு ஆயுள் முழுவதும் வேண்டும்.

வள்ளலார் காந்தி விழாவும் அவ்வகையைச் சேர்ந்ததே. அக்டோபர் 2 காந்தியடிகள் பிறந்த நாள், அக்டோபர் 5 வள்ளலார் பிறந்த நாள். இரண்டையும் சேர்த்து ஒரு விழாவாக்கி, ஆண்டுதோறும் சென்னையில் அறிஞர்களை அழைத்துப் பேசவைத்தீர்கள். வள்ளலார் தோன்றிய 1823க்குச் சரியாக நூறு ஆண்டு கழித்துத் தாங்கள் பிறந்தீர்கள் என்பதை அன்பர்கள் சிலாகித்துச் சொல்வார்கள். அதை நான் பெரிதுபடுத்த மாட்டேன். பிறந்த ஆண்டு நம் கையில் இல்லை. ஆனால் தொண்ணூற்றொரு வயதிலும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொழிலைத் தாங்கிக்கொண்டிருக்க வீட்டில் ஓய்வெடுக்காமல், அந்த ஆண்டின் விழாவுக்கும் வந்து அமர்ந்திருந்தீர்களே, அது தாங்களே தேர்ந்துகொண்டது. காந்தி பிறந்த நாளில், விழாவிலேயே தங்கள் உயிர் பிரிந்த செய்தி பொள்ளாச்சிக்கு எட்டியபோது, 'கொடுத்து வைத்தவர்' என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள்.

தங்களோடு எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கங்கையையும் காவிரியையும் இணைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தி வந்தீர்கள். அண்டை மாநிலமான கேரளத்தோடு செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்திலேயே பேசித் தீராத விஷயங்கள் இத்தனை இருக்கும்போது, அத்தனை மாநிலங்களைத் தாண்டி ஒரு கால்வாய் வரும் என்று நம்ப என்னால் முடியவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் மக்களுக்கும் காட்டுக்கும் அதனால் என்ன ஆகும் என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

ஆனால் அருகிலிருக்கும் வேலை அப்படியே கிடக்கிறது அய்யா. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் நிறைவேறாத பகுதியான ஆனைமலையாறு நல்லாறு திட்டம் தாங்கள் போனபோது எந்த நிலையில் இருந்ததோ ஏறத்தாழ அதே நிலையில்தான் இருக்கிறது. வெள்ளகோவில் பக்கத்துக் கடைமடை விவசாயிகள் உரிய தண்ணீர் வரவில்லை என்று போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தலைமடையில் இருக்கும் எங்களில் சிலர் வாய்க்கால் ஓரத்தில் குழாய் போட்டு உறிஞ்சுவதும் அதற்கு ஒரு காரணம் என்பதைப் பாசன சபைக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வரும் கூட்டத்தில் நான் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

பணிவன்புடன்,
பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவன்