யாழ்ப்பாணத்தின் அரச ஆவணங்களுக்கு யாழ்ப்பாணத்திலேயே ஒரு காப்பகம் கோரும் மனு

பெறுநர்:
பணிப்பாளர் நாயகம்,
தேசிய சுவடிகள் காப்பகத் திணைக்களம்,
கொழும்பு 07.

ஊடாக:
மாவட்டச் செயலாளர்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: யாழ்ப்பாண மாவட்ட அரச அலுவலகங்களிலுள்ள பழைய ஆவணங்களைக் கணக்கெடுத்துப் பாதுகாத்தலும் பிராந்தியக் காப்பகம் அமைத்தலும்

ஐயா / அம்மணி,

யாழ்ப்பாண மாவட்டத்தின் அரச அலுவலகங்களில் கிடக்கும் பழைய ஆவணங்கள் கணக்கெடுக்கப்பட்டு, தங்கள் திணைக்களத்தின் பொறுப்பில் யாழ்ப்பாணத்திலேயே அமையும் ஒரு காப்பகத்தில் பேணப்படவேண்டும் என்று கேட்டு இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன். கட்டடம் எழும்பும்வரை காத்திராமல் உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. அலுவலகங்கள் தம் களஞ்சிய அறைகளைத் துப்புரவு செய்யும்போது ஒரு கோப்பேனும் தங்கள் அனுமதியின்றி வெளியே போகாமல் தடுக்கவேண்டும். இரண்டில் எது முந்த வேண்டும் என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிரசித்த நொத்தாரிசாக நீண்டகாலம் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். எங்கள் தொழில் பழைய தாளை நம்பிய தொழில். ஒரு காணிக்கு உறுதி முடிக்குமுன் அதன் தாய் உறுதியைத் தேடவேண்டும். அதற்கு முந்தியது எது, அதற்கும் முந்தியது எது என்று போய்க்கொண்டே இருக்கவேண்டும். காணி நெல் விதைப்பா வரகு விதைப்பா, எத்தனை பரப்பு எத்தனை குழி, கிணற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு, வழி வாய்க்கால் உரிமை எந்தப் பக்கத்தால், வடக்கெல்லை யாருடைய வளவு என்பதையெல்லாம் அந்தத் தாள்கள்தான் சொல்லும். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எங்கள் மண்ணில் ஒரு குடும்பத்தின் சொத்தைப் பங்கிட முடியாது. பிரித்துப் பார்ப்பதற்கு ஆவணம் வேண்டும்.

ஓர் அரச அலுவலகத்தின் களஞ்சிய அறையில் கண்டதைத் தங்களுக்குச் சொல்லியாகவேண்டும். ஒரு வழக்குக்காகப் பழைய காணிக் கோப்பொன்றைத் தேடி அங்கே போயிருந்தேன். நாடாவால் கட்டிய கட்டொன்றை எடுத்து அவிழ்த்தபோது மேல்தாள் மடிப்பு வழியே நான்கு துண்டாகப் பிரிந்து கையில் வந்தது. பழைய இரும்பு மை தாளை அரித்திருந்ததால் எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே துவாரங்கள் இருந்தன. கட்டின் அடிப்பாகம் கறையான் மண்ணோடு நிலத்தில் ஒட்டியிருந்தது. கையெழுத்து நன்றாகத் தெரிந்த தாளொன்றில் ஒரு விதானையார் கிராமத்துக் குளத்தின் வாய்க்கால் பற்றி மணியகாரருக்கு எழுதிய அறிக்கை பாதி இருந்தது, மீதி இல்லை. அறையின் மறுமூலையில், உடைந்த கதிரைகளுக்குப் பக்கத்தில், கழிவுக் கடதாசிக்கு என்று ஒரு குவியல் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டுக்கும் அந்தக் குவியலுக்கும் இடையில் என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அங்கே கடமையிலிருந்த எழுதுவினைஞரை நான் குறைசொல்ல மாட்டேன். தம் கைக்குட்டையால் தூசியைத் துடைத்து ஒவ்வொரு கட்டாக எடுத்துத் தந்தவர் அவர். எதை வைத்திருக்கவேண்டும், எதைக் கழிக்கலாம், யாரிடம் கேட்கவேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் காப்பகச் சட்டம் அரச ஆவணங்களைத் தங்கள் பொறுப்புக்குள் கொண்டுவருகிறது. தங்கள் இசைவின்றி அவற்றை அழிப்பது அச்சட்டத்துக்கு முரணானது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஏற்கெனவே இருந்த ஆவணங்களைக் குறைந்தது 10 ஆண்டுகளும் புதிதாக உருவாகும் ஆவணங்களைக் குறைந்தது 12 ஆண்டுகளும் பேணவேண்டும் என்கிறது. ஆனால் 12 ஆண்டு என்பது ஒரு காணி வழக்கு முடிவதற்கே போதாத காலம். தலைமுறைக் கணக்கில் பேணும் கடமை தங்கள் சட்டத்துக்குத்தான் உரியது. அந்தச் சட்டம் யாழ்ப்பாணத்து அலுவலகமொன்றின் களஞ்சிய அறைவரை நடந்து வரவேண்டும் என்பதே என் வேண்டுகோளின் சாரம்.

இந்த நாட்டின் ஆவணக் காப்புக்கு நல்ல மரபு உண்டு. 1902இல் ஆர். ஜி. அந்தோனிஸ் அவர்கள் அரச சுவடிக் காப்பாளராகப் பொறுப்பேற்ற காலத்திலிருந்து, ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஆவணங்கள் அடுக்கப்பட்டும் படிக்கப்பட்டும் மொழிபெயர்க்கப்பட்டும் வந்தன. கொழும்பில் தங்கள் பாதுகாப்பிலிருக்கும் ஏறத்தாழ 7,000 ஒல்லாந்தத் தொகுதிகள், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களில் ஒரு பகுதியாக 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. 1697இல் யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தத் தலைமை அதிகாரியான கொமாந்தர் ஸ்வார்டெக்ரூன், தாம் இல்லாத காலத்தில் இங்குள்ள ஆலோசனைச் சபை எப்படிக் காரியம் பார்க்கவேண்டும் என்று எழுதிவைத்த நீண்ட குறிப்பை, சோபியா பீட்டர்ஸ் அம்மையாரின் மொழிபெயர்ப்பில் 1911 முதல் எவரும் வாசிக்கலாம். முந்நூறு ஆண்டுக்கு முந்திய எங்கள் ஊரின் வரியும் காணியும் சந்தையும் அதில் இருக்கின்றன. காப்பாற்றப்பட்டதால் கிடைத்த செல்வம் அது.

எங்கள் வழக்கச் சட்டமான தேசவழமையை எடுத்துப் பாருங்கள். ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் கேட்டதற்கிணங்க அவருடைய அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களைத் தொகுத்தெழுதி 1707இல் கொடுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். 1806இல் ஆங்கிலேயர் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். இன்றைக்கும் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் சட்டத்தரணிகள் அதன் பிரிவுகளைக் காட்டி வாதாடுகிறார்கள். ஒருவர் எழுதிவைத்ததும் அடுத்தவர் அதைத் தொலைக்காமல் வைத்திருந்ததும்தான் அதற்குக் காரணம்.

ஆனால் யாழ்ப்பாணத்தின் கதை கொழும்பின் கதைபோல் முடியவில்லை. 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. மாவட்ட நிருவாகம் நடந்த பழைய கச்சேரிக் கட்டடம் போரில் சிதைந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, உறுதிப் பெட்டியைத் தூக்கியவர்களும் இருந்தார்கள், பிள்ளையைத் தூக்கியதால் பெட்டியை விட்டவர்களும் இருந்தார்கள். திரும்பி வந்தவர்களில் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் இருந்து, "உறுதி இல்லை, இலக்கமும் நினைவில்லை, ஆனால் அது எங்கள் காணி" என்று சொல்லியிருக்கிறார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் தம் காணியில் இருக்க முடியாதுபோனவர்களுக்கு எதிராக, மற்றவர் தமது நீண்டகால ஆட்சியைக் காட்டி உரிமை கோராதபடி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு பாதுகாப்புக் கொடுத்தது. நல்ல சட்டம். அந்தப் பாதுகாப்பைக் கேட்டு நீதிமன்றம் போனவருக்கும் காணி தனது என்று காட்ட ஒரு தாள் வேண்டியிருந்ததே.

யாழ்ப்பாணத்தில் எரிந்தது, சிதைந்தது, ஆகவே எல்லாம் கொழும்பில் இருப்பதுதான் பாதுகாப்பு என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள் என்றும் நம்புகிறேன். எனினும் 1981 எங்களுக்குக் கற்றுத்தந்தது வேறு. ஒரேயொரு இடத்தில், ஒரேயொரு பிரதியாக இருப்பது எந்த நகரத்திலும் பாதுகாப்பாகாது. யாழ்ப்பாணத்தில் அச்சான பழைய பத்திரிகைகளில் பலவற்றை இன்று நாம் பார்க்க முடிவதற்குக் காரணம், அச்சகத்தார் சட்டப்படி ஒப்படைத்த பிரதிகளைத் தங்கள் திணைக்களம் வைத்திருந்ததுதான். அதற்காக யாழ்ப்பாணத்தவன் என்ற முறையில் தங்கள் திணைக்களத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதே நியாயம் மறுபுறமும் பொருந்தும். கொழும்பிலுள்ள எங்கள் ஆவணங்களின் பிரதி இங்கே இருக்கட்டும், இங்குள்ள மூலங்களின் பிரதி அங்கே போகட்டும்.

மற்ற நாடுகள் இதை எப்படி ஒழுங்குபடுத்தின என்பது தாங்கள் என்னைவிட நன்கறிந்தது. பிரான்சில் பாரிசிலுள்ள தேசியக் காப்பகத்துக்கு மேலதிகமாக ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்குரிய காப்பகம் வேண்டும் என்று 1796இலேயே சட்டம் வந்துவிட்டது. கொழும்பு ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய அதே ஆண்டு அது. எங்கள் பழைய காணிப் பதிவேடான தோம்பை எழுதிய ஒல்லாந்தரின் நாட்டில் தேசியக் காப்பகம் த ஹேக்கில் இருக்க, மாகாணங்களின் ஆவணங்கள் அந்தந்த மாகாணங்களிலேயே பேணப்படுகின்றன. இந்தியாவின் தேசிய ஆவணக் காப்பகம் 1891இல் கல்கத்தாவில் தொடங்கிப் பின்னர் டெல்லிக்குப் போனது. இன்று அதற்குப் போபாலில் பிராந்திய அலுவலகமும் புதுச்சேரி, ஜெய்ப்பூர், புவனேஸ்வர் ஆகிய இடங்களில் ஆவண நிலையங்களும் உள்ளன. சென்னை எழும்பூரில் தமிழ்நாட்டு அரசின் காப்பகம் தனியே இயங்குகிறது. இந்தியாவின் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டத்தில் என்னைக் கவர்ந்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஆவணம் உருவாக்கும் ஒவ்வொரு அலுவலகமும் தன் அதிகாரி ஒருவரை ஆவணப் பொறுப்பாளராகப் பெயர் குறித்து நியமிக்கவேண்டும். பொறுப்பு ஒருவரின் பெயரில் எழுதப்பட்டால்தான் களஞ்சிய அறையின் திறப்பு யாரிடம் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். முதலில், யாழ்ப்பாண மாவட்டத்தின் எல்லா அரச அலுவலகங்களுக்கும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவூட்டி, பழைய ஆவணம் எதையும் தங்கள் எழுத்துமூல அனுமதியின்றி அழிக்கவோ விற்கவோ அகற்றவோ கூடாது என்று தமிழில் ஒரு சுற்றறிக்கை அனுப்பப்படவேண்டும். ஒவ்வோர் அலுவலகத்திலும் ஓர் ஆவணப் பொறுப்பாளர் பெயர் குறித்து நியமிக்கப்படவேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

அடுத்து, தங்கள் உத்தியோகத்தர்கள் நேரில் வந்து கணக்கெடுக்கவேண்டும். பிரதேச செயலகங்கள், உள்ளூராட்சி மன்றங்கள், கல்வி அலுவலகங்கள், நீதிமன்றப் பதிவறைகள், காணிப் பதிவகம் எங்கும் என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்ற ஒரு பட்டியலாவது முதலில் வேண்டும். தீவுப் பகுதியை மறக்கவேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். உப்புக்காற்று தாளை வேகமாகத் தின்னும். நெடுந்தீவிலோ ஊர்காவற்றுறையிலோ இன்றைக்கு இருப்பது அடுத்த மாரிக்குப் பிறகு இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

காப்பகத்துக்கான இடம் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. பழைய கச்சேரிக் கட்டடத்தை மீட்டெடுத்து அதை அப்பணிக்குக் கொடுக்கலாம் என்பது என் விருப்பம். ஆங்கிலேயர் காலத்து அரசாங்க அதிபர்களான டைக் துரையும் துவைனம் துரையும் இருந்து நிருவாகம் நடத்திய வளாகத்தில் அவர்கள் காலத்துக் கடிதப் போக்குவரத்தின் பிரதிகள் திரும்ப வந்து சேர்வது பொருத்தமாக இருக்கும். அது இயலாவிட்டால் வெள்ளம் ஏறாத, கறையான் புகாத, ஈரப்பதம் கட்டுப்படுத்திய வேறு எந்தக் கட்டடமும் போதும். அதில் ஒரு வாசிப்பு அறையும், தாளையும் பனையோலை ஏட்டையும் செப்பனிடத் தெரிந்த ஓரிருவரும், தமிழில் எழுதிய விவரப்பட்டியும் இருக்கவேண்டும். ஆவணம் கிடைத்தும் அதைப் பற்றிய பட்டியலை வாசிக்க முடியாதவருக்கு அது கிடைக்காததற்குச் சமம்.

2005இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் பணியை நான் மிகவும் மதிக்கிறேன். தங்கள் திணைக்களம் அவர்களுடனும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துடனும் கலந்துபேசினால் தொழில்நுட்ப அனுபவம் எளிதில் கிடைக்கும். ஆனால் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும் மூல ஆவணத்தைச் சட்டப் பொறுப்போடு காவல்செய்வது அரசின் வேலை. அதைத் தொண்டர்களின் தோளில் ஏற்ற முடியாது.

கொழும்பில் இருக்கும் யாழ்ப்பாணம் சார்ந்த ஒல்லாந்த, ஆங்கில ஆவணங்களின் மின்பிரதிகள், தோம்புகளும் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் முதலாக, இங்கே பார்வைக்கு வைக்கப்படுவதற்கும் ஏற்பாடு வேண்டும். கொழும்புக்குப் போய் அறை எடுத்துத் தங்கி ஒரு பக்கத்தைப் பார்த்துவரக்கூடிய வசதி எல்லா மாணவருக்கும் இல்லை, காணி வழக்குக்காரருக்கும் இல்லை.

கணக்கெடுப்புக்குத் தங்கள் உத்தியோகத்தர்கள் வரும்போது, பழைய உறுதிகளின் கையெழுத்தையும் சொல்வழக்கையும் வாசித்துக் கொடுக்க நானும், என்னைப்போல் ஓய்வுபெற்ற நொத்தாரிசுகளும் எழுதுவினைஞர்களும் ஊதியமின்றி உதவ ஆயத்தமாக இருக்கிறோம். எங்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது என்பதையும் கவனத்திற் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சுற்றறிக்கை அனுப்பப்பட்டதும் அதன் பிரதியொன்றையும், கணக்கெடுப்புத் தொடங்கும் திகதியையும் மாவட்டச் செயலாளர் ஊடாக எனக்கு அறியத்தருமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற பிரசித்த நொத்தாரிசு,
நல்லூர், யாழ்ப்பாணம்.

பிரதிகள்:
கௌரவ ஆளுநர், வடக்கு மாகாணம்.
பிரதம செயலாளர், வடக்கு மாகாணம்.